கூரை விளக்கை அணைத்துவிடு

மன்னார்குடி,
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய இரண்டு நிமிடக் காணொளி செவ்வாய்க்கிழமையே வந்து சேர்ந்தது. அலுவலகத்தில் ஒருவர் பேசுவதைப் படம் எடுக்க என்ன லைட் வாங்கலாம், 25,000 ரூபாய்க்குள் சொல்லுங்கள் என்று நீ எழுதியிருந்த ஒற்றை வரிக்கு ஒற்றை வரியிலேயே பதில் அனுப்பிவிடலாம் என்றுதான் தம்பி சொன்னான். மூன்று மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த கேள்வி அது என்பதால், தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாளைக் காலை கூரியரில் சேர்த்துவிடுவான்.

காணொளியைப் பதினொரு முறை பார்த்தேன். கையில் தாள் இல்லாமல், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விளங்கும்படி நிறுத்தி நிறுத்தி நீ பேசுகிற அழகை அத்தையையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வகுப்பையே கட்டி நிறுத்தக்கூடிய குரல் உனக்கு வந்திருக்கிறது. எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. அந்தக் குரலுக்கு ஏற்ற வெளிச்சம் அந்த அறையில் இல்லை என்பதுதான் குறை.

முதல் காரியமாகக் கூரை விளக்கை அணைத்துவிடு. ஃபால்ஸ் சீலிங்கில் இரண்டடிக்கு இரண்டடியாகப் பதித்திருக்கும் அந்தச் சதுர எல்இடி பேனல்கள் மேசையில் இருக்கும் தாளைப் படிப்பதற்காகப் போடப்பட்டவை. முகத்துக்காகப் போடப்பட்டவை அல்ல. தலைக்கு நேர்மேலிருந்து வரும் வெளிச்சம் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் தங்கிவிடுகிறது; புருவத்தின் நிழல் கண்குழியிலும், மூக்கின் நிழல் உதட்டின் மேலும், தாடையின் நிழல் கழுத்திலும் விழுகின்றன. உச்சி வெயிலில் யாரையும் நிறுத்திப் படம் எடுக்காதே என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொன்னதும் இதற்காகத்தான். நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறவர்கூட அந்த விளக்கின் கீழ் பத்து நாள் தூங்காதவரைப் போலத் தெரிவார். ஆகவே உன் கண்ணுக்குக் கீழே தெரிந்த கருமையை நான் இப்போதைக்கு அந்தக் கூரை விளக்கின் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

வாங்க வேண்டியது பல விளக்குகள் அல்ல, ஒரு நல்ல விளக்கு. 60 வாட் சிஓபி எல்இடி (சில்லுகளை ஒரே இடத்தில் நெருக்கிப் பதித்த விளக்கு) ஒன்று, வெளிச்சத்தை மென்மையாக்க அதன் முன்னால் மாட்டும் மூன்றடி அகலமுள்ள வெள்ளைத் துணிக் கூடான சாஃப்ட்பாக்ஸ் ஒன்று, உறுதியான ஸ்டாண்ட் ஒன்று. பேசுகிறவரின் முகத்துக்கு ஒரு பக்கமாக, ஏறக்குறைய 45 டிகிரி தள்ளி, கண்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, கீழ்நோக்கிச் சாய்த்தால், கண்குழிக்குள்ளும் வெளிச்சம் போகும். விளக்கை எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில், கேமராவின் சட்டத்துக்குள் வந்துவிடாமல், கொண்டுவர வேண்டும். பெரிய விளக்கு தொலைவில் போனால் சிறிய விளக்குதான். நிழலின் ஓரம் கத்தி வெட்டியது போலாகிவிடும். அருகில் வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தொலைவு இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். முகம் விளக்கிலிருந்து மூன்றடியிலும் பின்சுவர் ஒன்பதடியிலும் இருந்தால், முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்குதான் சுவரில் விழும். முகம் தனியாக எழுந்து நிற்கும். உன் காணொளியில் நீ சுவரோடு ஒட்டி நிற்கிறாய். எதற்காக அப்படி ஒட்டி நிற்க வேண்டும், அம்மா? ஐந்தாறு அடி முன்னால் வந்து நில்.

மறுபக்கத்து நிழலைக் குறைக்க இரண்டாவது விளக்கு வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மாக்கோல் பலகையை நிறுத்தி வைத்தால் போதும். சினிமாவிலும் அதைத்தான் செய்தார்கள். 1956ஆம் ஆண்டு சத்யஜித் ராயின் படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் கட்டியபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன் மேல் அடித்து, அதிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தில் படம் எடுத்தார். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் நானும் நம் போட்டோ கடையில், வெளிச்சத்தைப் பரப்பும் குடைக்குப் பதிலாக வேட்டி கட்டிப் பார்த்தேன். இந்தக் கடிதத்தோடு நாலு முழ வேட்டி ஒன்றும் வருகிறது. சாஃப்ட்பாக்ஸ் வெளிச்சம் கூச்சமாக இருந்தால் முன்னால் ஓரடி தள்ளித் தொங்கவிடு.

வளைய விளக்கு வாங்காதே. கடைக்காரர்கள் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். நேர் முன்னாலிருந்து அடிப்பதால் முகம் தட்டையாகிவிடும், மூக்குக் கண்ணாடியில் இரண்டு வட்டம் தெரியும்.

கண்ணாடி என்றதும் கேட்கிறேன், நீ எப்போது கண்ணாடி போட ஆரம்பித்தாய்? காணொளியைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கண்ணாடி போட்டவரை எடுக்கும்போது விளக்கை இன்னும் சற்று உயர்த்திப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். காதின் மேலிருக்கும் கம்பியை ஒரு நூல் உயர்த்தினால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பளபளப்பு விலகிவிடும். இப்போது உன் கண்ணாடியில் இரண்டு வெள்ளைச் சதுரங்கள் தெரிகின்றன, அவையும் கூரை விளக்குதான். அவற்றுக்குப் பின்னால் உன் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் கூரை விளக்கை அணைத்துவிடு என்கிறேன்.

அடுத்தது நிறம். இதைக் கவனமாகப் படி. சன்னல் வழியாக வருவது பகல் வெளிச்சம், ஏறக்குறைய 5600 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்); அலுவலகப் பேனல்கள் பெரும்பாலும் 4000 அல்லது 6500. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் ஒரு கன்னம் மஞ்சளாகவும் போகும், வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமராவில் வைக்கும் ஒயிட் பேலன்ஸ் எதுவும் அதைச் சரிசெய்யாது. 5600 விளக்கை வாங்கி, அதையும் சன்னலையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அணைத்துவிட்டு, கேமராவில் ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிடு. வாங்கும்போது, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று சொல்லும் சிஆர்ஐ எண் 95க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பெட்டியில் பார். அந்த எண் வெளிறிய எட்டு நிறங்களின் சராசரிதான், அழுத்தமான சிவப்பு அதில் சேராது. அதை ஆர்9 என்று தனியாகக் குறிப்பிடுவார்கள், அதையும் கேட்டுப் பார். மலிவான எல்இடியில் குறைவது அந்தச் சிவப்புதான். நம்முடைய மாநிறத்தில் தோலுக்குக் கீழே ஓடும் இரத்தம்தான் முகத்துக்குக் களையைக் கொடுக்கிறது. சிவப்பு குறைந்த விளக்கில் அது சாம்பல் பூத்துப் போகும். உன் முகம் காணொளியில் அப்படித்தான் வெளிறியிருந்தது. பாதியாவது அந்தப் பேனலின் குற்றமாக இருக்க வேண்டும்.

பின்னணியில் கோடுகள் ஊர்ந்துபோனதை நீயே கவனித்திருப்பாய். நம் நாட்டு மின்சாரம் 50 சைக்கிள் என்பதால், தரமில்லாத விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் நொடியில் 50இல் ஒரு பங்கு என்று கேமராவில் வைத்துக்கொண்டால் அந்தக் கோடுகள் போய்விடும். விளக்கின் மின்விசிறிச் சத்தத்தையும் கடையிலேயே போட்டுக் கேட்டு வாங்கு. மைக்குக்கு அது எட்டிவிடும்.

தம்பி மாடியில் சுவர் எழுப்பிவிட்டான், அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை. வேறு செய்தி இல்லை. பொங்கலுக்கு நீ வரவில்லை என்பதையும் நான் எழுதப்போவதில்லை. ஆவணியில் நடந்ததைப் பற்றி நீயாகச் சொல்லும்வரை இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன், அந்தச் சொல்லில் நிற்கிறேன். ஆனால் விளக்கு வாங்கத்தான் அப்பாவின் நினைவு வந்ததா என்று ஒரு நிமிடம் மனம் நொந்ததை மறைக்கவும் தெரியவில்லை. இருபது பேருக்கு முன்னால் நின்று பேசத் தெரிந்தவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை போனை எடுக்கத் தெரியாமலா போய்விட்டது? இதை எழுதியிருக்கக் கூடாது. கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். நடுக்கூடத்தில் மாலையோடு இருக்கிற உன் அம்மாவின் படம் 1997ஆம் ஆண்டு புரட்டாசியில் நம் கடையிலேயே எடுத்தது. 500 வாட் போட்டோஃப்ளட் பல்பு இரண்டு, யாஷிகா மேட் கேமரா, கறுப்பு வெள்ளை ஃபிலிம். வந்து உட்கார்ந்தவளின் கண்ணுக்குக் கீழே நிழல் இருந்தது. விளக்கைத் தாழ்த்தினேன், போகவில்லை. மடியில் வெள்ளை அட்டையை வைக்கச் சொன்னேன், அப்படியும் போகவில்லை. விளக்கால் விழுந்த நிழல் விளக்கை மாற்றினால் போய்விடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவன், போகாத நிழலைப் பார்த்துவிட்டு, சரி, நெகட்டிவில் பென்சிலால் திருத்தும் டச்சிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஷட்டரை அழுத்தினேன். முகத்தில் கறுப்பாக இருப்பது நெகட்டிவில் வெளுப்பாகத் தெரியும். கூர்சீவிய பென்சிலால் அங்கே மெல்ல மெல்லத் தீற்றினால் பிரிண்டில் கருமை மறைந்துவிடும். இரண்டு இரவு தீற்றினேன். வந்தவர்கள் எல்லாம் லட்சுமி மாதிரி இருக்கிறாள் என்றார்கள், எனக்கும் கர்வமாக இருந்தது. அந்த இரண்டு இரவும் அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நான், பத்தடி தொலைவில் சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் போய், உனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. தையில் தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு ஓடியபோது, ஆறு மாதத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்றார்கள். உனக்கு அப்போது ஏழு வயது. அந்தப் படத்தில் அவள் கண்ணுக்குக் கீழே இருப்பது என் பென்சில்.

ஆகவே இப்போது விளக்கு எதையும் ஆர்டர் செய்துவிடாதே. அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நீ இப்போது இருக்கிற வீட்டில் சன்னல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, வெயில் நேராக விழாத சன்னல் ஒன்றைப் பார்த்து, அதற்கு மூன்றடி தள்ளி உட்கார். எல்லா விளக்கையும் அணைத்துவிடு, கூரை விளக்கை முக்கியமாக அணைத்துவிடு. மடியில் அந்த வேட்டியை மடித்து வைத்துக்கொள், கீழிருந்து வெளிச்சம் வரட்டும். கண்ணாடியைக் கழற்றிவிடு, பவுடர் போடாதே. எதுவும் பேச வேண்டாம், பத்து விநாடி எடுத்து அனுப்பு.

அதில் கண்ணுக்குக் கீழே நிழல் இல்லையென்றால், எந்த விளக்கு என்று பெயரோடு மறுநாளே எழுதுகிறேன், பணத்தைக் கட்டிவிடு. இருந்தால் நான் தஞ்சாவூரில் மைசூரு வண்டியைப் பிடித்துப் பெங்களூருக்கு வருகிறேன். விளக்கை அங்கே இருவருமாகக் கடையில் போய்ப் போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா