கோடியக்காட்டு உப்பளத்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

போன வாரம் உப்பு அம்பாரத்தைப் பனைமட்டையால் மூடிக்கொண்டே, பாத்தியில் மேய்ந்த பறவைகளைக் காட்டி, "இதுக எங்கேருந்து தம்பி வருது?" என்று கேட்டீர்கள். பஸ் வந்துவிட்டது. "வெளிநாடு அண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அன்று விடியும்போது கோடியக்கரைக் காட்டில் ஆறுமணிக் குருவியைப் பார்த்தேன். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, சருகைக் கிளறியபடி பத்தடி தூரத்தில். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வருவது அது. அந்த நாளுக்கு அதுவே போதும் என்றுதான் நினைத்தேன். அப்புறம் உங்கள் வரப்புக்கு வந்தேன்.

நான் தொலைநோக்கியால் ஆழமான தண்ணீரையே துழாவிக்கொண்டிருந்தேன். "அங்கே நிக்காது தம்பி. கணுக்கால்கூட நனையாத பாத்தியைப் பாருங்க. மழை நிரம்பிட்டா இதுக போயிரும்" என்றீர்கள். திரும்பினால், சேறு முழுக்க உள்ளான்கள், சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகள்! பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்ததும் அத்தனையும் ஒன்றாக எழும்பித் திரும்பியபோது வயிறெல்லாம் வெள்ளையாக மின்னியதே, நீங்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தீர்கள்.

அவற்றில் அலகு கீழ்நோக்கி வளைந்திருந்ததே, அது வளைமூக்கு உள்ளான். பிறந்த இடம் சைபீரியாவின் வடகோடி, மரமே முளைக்காத பனி நிலம். இங்கிருந்து 7,000 கிலோமீட்டருக்கும் மேல். எடை என்னவோ ஒரு கோழிமுட்டை அளவுதான்.

நாம் பார்த்த பலவற்றுக்கு முதுகில் மீன்செதில் போல வெளிர் விளிம்பு இருந்தது. அவை இந்த ஜூலையில் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள், அண்ணே. அப்பன் முட்டைக் காலத்திலேயே தெற்கே கிளம்பிவிடும். குஞ்சு வளர்ந்ததும் தாயும் போய்விடும். கடைசியாகக் கிளம்பும் குஞ்சுக்கு வழி சொல்லப் பெற்றவர்கள் யாரும் கூட இல்லை. மூன்று மாதக் குஞ்சு, பார்த்தே இராத உங்கள் பாத்தியில் வந்து இறங்கியிருக்கிறது. இதைத்தான் அன்று சொல்லியிருக்க வேண்டும்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய, பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் அவற்றின் காலில் வளையம் மாட்டி விடுகிறார்கள். செத்துக் கிடக்கும் பறவை எதன் காலிலாவது வளையத்தைக் கண்டால், அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் அப்படியே குறித்து வையுங்கள். தை பிறந்ததும் வருகிறேன். இந்த முறை கடைசி பஸ்ஸுக்குத்தான் கிளம்புவேன்.

அன்புடன்,
தொலைநோக்கித் தம்பி