பினாங்கு போரைப் பார்க்காத ஊரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜார்ஜ் டவுன் ஓவியக் கண்காட்சி பற்றிச் சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். போர்முனையில் மாண்ட செய்தியாளர்களுக்கும் குண்டுவீச்சில் சிக்கிய பொதுமக்களுக்குமான ஓவியங்கள். 2022 மே மாதம் ஜெனினில் சுட்டுக் கொல்லப்பட்ட அல் ஜசீரா செய்தியாளர் ஷிரீன் அபு அக்லேவின் ஓவியத்தைப் பெரிதாகப் போட்டீர்கள். நல்லது. ஆனால், போரைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த பினாங்கு மக்களுக்கு இது புதிய அனுபவம் என்று நடுவில் ஒரு வரி வருகிறதே, அதை எழுதிய நிருபர் எந்த ஊர்க்காரர் ஐயா?

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பான் விமானங்கள் வந்தபோது, அவை என்னவென்று தெரியாமல் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்த சனத்தின் மேல்தான் குண்டு விழுந்தது. மார்க்கெட்டுக்குப் போன எங்கள் பாட்டியின் தம்பி திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பாட்டி ஆயர் ஈத்தாமுக்கு நடந்தே போனார். ஜப்பான்காரன் காலம் என்று யாராவது பேச்செடுத்தால் கடைசிவரை எழுந்து உள்ளே போய்விடுவார். அவர் தொலைக்காட்சியில் பார்க்கவில்லை.

செய்தியாளர் என்றீர்கள். வெள்ளைக்காரர்கள் இரவோடு இரவாகத் தங்கள் குடும்பங்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு போன பிறகு இந்த ஊரைத் தாங்கியவர் யார் என்று பத்திரிகைத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் சரவணமுத்து, இலங்கைத் தமிழர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியவரும் அவர்தான், ஊர்ச் சேவைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். பின்னர் ஜப்பானியரின் சிறையிலும் இருந்தார். ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் ஓவியத்துக்குச் சுவர் கிடைத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை.

சரி, அது எண்பது வருடக் கதை, மறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 2011 செப்டம்பரில் சோமாலியாவுக்கு நிவாரணக் குழுவுடன் போன பெர்னாமா டிவி ஒளிப்பதிவாளர் நோராம்ஃபைசுல் மொகாடிஷுவில் சுடப்பட்டு இறந்தாரே, அதுவுமா மறந்துவிட்டது? நம் நாட்டுப் பிள்ளை. உங்கள் முழுப் பக்கத்தில் அவருக்கு ஒரு வரி இல்லை.

இடம் இருக்காது, தெரியும். எங்கள் சின்னத் தாத்தா சுங்கைப் பட்டாணித் தோட்டத்திலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர். அந்தப் பாதையில் மாண்டவர்களுக்கான தாய்லாந்துக் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7000 நேசப்படையினர் வரிசையாகத் துயில்கிறார்கள், புல் வெட்ட ஆள் இருக்கிறது. எங்கள் ஆள் எந்தக் காட்டில் கிடக்கிறார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதம் அச்சேறவில்லை. அது தீபாவளி நேரம், நகைக்கடை விளம்பரங்களுக்கே பக்கம் போதவில்லை போலும். சீனர்கள் 1951-லேயே ஆயர் ஈத்தாமில் போரில் மாண்ட தங்கள் மக்களுக்கு நினைவுத் தூண் எழுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. நம் சங்கங்கள் மேல்தான் ஆத்திரம். ஆளுயர மாலைக்கு வசூல் செய்யத் தெரிகிறது.

அந்த நிருபரைக் கண்டிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. சின்னப் பிள்ளையாக இருக்கும், அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அதைப் படித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொன்று. கண்காட்சி தினமும் திறந்திருக்கும் என்று போட்டிருந்தீர்கள். அதை நம்பி, முழங்கால் வலியோடு, திங்கட்கிழமை கொம்தாரில் பஸ் மாறிப் போனேன். பூட்டுத் தொங்கியது. எந்தெந்த நாள், எத்தனை மணி வரை என்று தயவுசெய்து விசாரித்துப் போடுங்கள். படங்கள் மாடியில் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். லிஃப்ட் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் போட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு