ஆமைக்கு என்று கூறிப் பாம்புக்கூண்டை விற்றது தொடர்பான புகார்

அனுப்புநர்: ஈசூன் வட்டார வாடிக்கையாளர், சிங்கப்பூர்
பெறுநர்: நிர்வாகி, செல்லப்பிராணிப் பொருள் விற்பனை நிறுவனம்

ஐயா,

வணக்கம். உங்கள் கடையில் சென்ற மாதம் 690 வெள்ளி கொடுத்து ஒரு கண்ணாடிக் கூண்டும் அதற்கான சூடேற்றும் சாதனங்களும் வாங்கினேன். கடையில் என்னுடன் பேசிய தம்பி தமிழர். நிர்வாகியும் தமிழர்தான் என்று அவர் சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன். மனத்தில் இருப்பதைத் தெளிவாகச் சொல்ல எனக்கும் இதுதான் வசதி.

எங்கள் வீட்டில் முத்து என்ற சிவப்புக் காது ஆமை 14 ஆண்டுகளாக இருக்கிறது. என் கணவர் உயிரோடு இருந்தபோது மகனுக்காக வாங்கி வந்தது. அப்போது உள்ளங்கைக்குள் அடங்கும். இப்போது அதன் ஓட்டின் நீளம் 22 செண்டிமீட்டர். மகன் தேசிய சேவையில் இருப்பதால் வாரநாள்களில் அதைப் பார்த்துக்கொள்பவள் நான்தான். பழைய தொட்டி அதற்குப் போதவில்லை என்பதால்தான் உங்களிடம் வந்தேன். ஓட்டின் அளவு, வயது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் வைக்கப்போகிறோம் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். “வளர்ந்த ஆமைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது அக்கா” என்று உங்கள் தம்பி உறுதியாகச் சொன்னார். ரசீதிலும் ‘வளர்ந்த ஆமைக்கான முழுத்தொகுப்பு’ என்றே இருக்கிறது.

கூண்டு 120 செண்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம். பார்வைக்குப் பெரியதுதான். ஆனால் அதன் கதவு முன்பக்கம் இருக்கிறது. கதவின் விளிம்புக்குக் கீழே 15 செண்டிமீட்டர் உயரத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். கணக்குப் பார்த்தால் 108 லிட்டர். இந்த இன ஆமைக்கு ஓட்டின் ஒவ்வொரு செண்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 15 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. முத்துவுக்கு 330 லிட்டர் தேவை. இதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. ஆழமும் ஓட்டின் நீளத்தைவிடக் குறைவு. நீந்தி வாழும் ஆமை இதில் நீந்த முடியாது, நடக்கத்தான் முடியும். நான்காம் நாள் கண்ணாடியின் இணைப்பில் நீர் கசிந்து தரை நனைந்ததைப் பற்றி நீட்டிச் சொல்லப்போவதில்லை. அதைவிடப் பெரிய குறை சூட்டில்தான் இருக்கிறது.

ஆமை தண்ணீரிலிருந்து ஏறிக் காய்வதற்கு ஒரு மேடை வேண்டும். உங்கள் ஆள் வந்து பொருத்தியபோது, அந்த மேடையின் அடியில் ஒரு வெப்பப் பாயை ஒட்டினார். தண்ணீருக்கு நான்கு விரல் உயரத்தில் மின்சாரப் பாய். அப்போதே எனக்குப் பயமாக இருந்தது, கேட்டேன். “எல்லோரும் இப்படித்தான் வைக்கிறார்கள்” என்றார். கூடவே உங்கள் கடை அச்சிட்ட தாள் ஒன்றையும் தந்தார். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியின் உணர்வியைக் கூண்டின் நடுவில் காற்றில் தொங்கவிட்டு, அளவை 32 டிகிரியில் வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அப்படியே செய்தேன்.

என்ன நடந்தது என்பதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். எங்கள் வரவேற்பறையில் பகலில் 29, 30 டிகிரி. கூண்டுக்குள் காற்று 31 வரை போகும், 32-ஐத் தொடாது. உணர்வி காற்றை மட்டுமே பார்ப்பதால் அதற்கு எப்போதும் ‘இன்னும் சூடு போதவில்லை’ என்றுதான் தெரியும். பாய் இரவும் பகலும் அணையாமல் எரிந்தது. மகன் வார இறுதியில் வந்து அகச்சிவப்பு வெப்பமானியை மேடையில் காட்டியபோது 46 டிகிரி என்றது. உணர்வி மேடையின் மேற்பரப்பைத் தொட்டபடி இருந்திருந்தால் பாய் தானாக அணைந்திருக்கும்.

முத்து மேடையில் ஏறியதும் கால்கள் நான்கையும் உயர்த்திக்கொண்டு, சற்று நேரத்தில் தண்ணீரில் விழுந்துவிடும். விளையாடுகிறது என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்பு இன்னும் என்னை உறுத்துகிறது. தூக்கித் திருப்பிப் பார்த்தபோது அடியோட்டில் ஐம்பது காசு அளவில் இரண்டு இடங்கள் சிவந்து, மேல்தோல் வெளிறி உரிந்திருந்தது. கால்நடை மருத்துவர் சூட்டுக்காயம் என்றார். மருந்தும் ஆலோசனையும் சேர்த்து 168 வெள்ளி. ரசீதை இணைத்திருக்கிறேன்.

வெயிலில் காயும் விலங்குக்குச் சூடு மேலிருந்து வர வேண்டும் என்பதை அவர்தான் விளக்கினார். ஆமைக்கு மேடையில் 32 முதல் 35 டிகிரி, மேலே விளக்கு, அதோடு புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கு. அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது, ஓடு மெலியும். உங்கள் தொகுப்பில் இருந்தது வெறும் சிவப்பு வெப்ப விளக்கு. புற ஊதாக் கதிருக்கான குறியீடு அதில் எங்குமே இல்லை.

பெட்டியைக் கட்டி வைக்கும்போதுதான் உண்மை வெளிப்பட்டது. அதன் பக்கவாட்டில் ஆமைப் படத்தோடு உங்கள் கடையின் ஒட்டுத்தாள் இருந்தது. நீர்க்கசிவில் நனைந்து அதன் ஒரு மூலை எழும்பியிருந்தது. உரித்தேன். கீழே சுருண்டு படுத்திருக்கும் பாம்பின் படம். வளர்ந்த மலைப்பாம்புக்கான கூண்டு என்று தயாரிப்பாளரே அச்சிட்டிருக்கிறார். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ‘பால் பைத்தான்’ (ball python) என்ற மலைப்பாம்பு இனத்துக்கு இந்த நீள அகலம் பொருத்தமானது. கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரியும் மறுபக்கம் 25, 26 டிகிரியும் இருந்தால் அது வேண்டிய பக்கம் நகர்ந்துகொள்ளும். வீட்டுக்குள் 18 டிகிரி இருக்கும் குளிர்நாட்டில் அதற்கு வெப்பப் பாய் உதவும், அதுவும் உணர்வி பாயின் மேலேயே இருந்தால்தான். சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. இங்கே வாங்க ஆளில்லாத பொருளை ஆமைப் படம் ஒட்டி என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறீர்கள் என்றே நான் முடிவுக்கு வருகிறேன். வேறு காரணம் இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்றார் பேசிய பெண்மணி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். “இவ்வளவு பெரிதாகிவிட்டால் பலர் குளத்தில் விட்டுவிடுகிறார்கள்” என்று அவர் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. வனவிலங்குச் சட்டப்படி விலங்குகளை இப்படி விடுவது குற்றம். அமெரிக்காவிலிருந்து வந்த இந்த ஆமைகள் இங்குள்ள குளங்களில் உள்நாட்டு ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்கின்றன. விலங்குப் பொருள் விற்கும் கடையிலிருந்து இப்படி ஒரு பேச்சா? 14 ஆண்டு வளர்த்த உயிரை நான் எங்கே கொண்டுபோய் விடுவேன்?

690 வெள்ளியை முழுவதும் திருப்பித் தாருங்கள். மருத்துவச் செலவு 168 வெள்ளியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிகளிலிருந்து ஆமை ஒட்டுத்தாளை எடுத்துவிட்டு, இதே தொகுப்பை வாங்கிய மற்றவர்களை இன்றே அழைத்து, பாயை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். பணத்தைவிட இந்தக் கடைசிக் கோரிக்கைக்குத்தான் முதலில் பதில் எதிர்பார்க்கிறேன்.

பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும் என்ற விதி 2012 முதல் நடப்பில் இருக்கிறது. 14 நாளில் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை நாடுவேன். தேவைப்பட்டால் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போவேன். ரசீது, மருத்துவர் குறிப்பு, வெப்பமானி காட்டிய அளவின் படம், உரித்த ஒட்டுத்தாளின் படம் நான்கும் இதோடு இருக்கின்றன.

முத்து இப்போது பின்கட்டில் பெரிய நீல நிறத் தொட்டியில் இருக்கிறது. சன்னலைத் திறந்துவைத்தால் காலை வெயில் நேராக அதன் முதுகில் விழுகிறது. கூண்டைக் கழுவித் துடைத்து, வந்த பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். எடுத்துச் செல்ல இரண்டு பேர் வேண்டும். சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பிறகு மகன் வீட்டில் இருப்பான்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்