கோல்ஃப் ஆடும் பெண்ணுக்குத் தைத்தீர்கள், கடல்பாசி எடுக்கும் பெண்ணுக்கும் தையுங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் காலணி செய்து கப்பலேற்றும் முதலாளிமார்களுக்கும் வணக்கம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ரவிக்கை, சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள். உங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற ஆள் இல்லை, உங்கள் கம்பெனி வாசலில் வந்து நிற்கிற ஆளும் இல்லை. ஆனால் நீங்கள் ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சியது எப்படியோ ராமநாதபுரத்துச் சர்ப்ளஸ் துணிக் கடை வரைக்கும் வந்துவிடுகிறது. அங்கே ஒரு குட்டைப் பாவாடை வாங்கினேன். வெளியே பாவாடை, உள்ளே கால்சட்டை, இரண்டும் ஒரே பட்டியில் சேர்த்துத் தைத்தது. அட்டையில் கோல்ஃப் என்று போட்டிருந்தது. தையற்காரி கையில் இப்படி ஒன்று கிடைத்தால் போடுவாளா, பிரிப்பாளா? பிரித்தேன். இடுப்புப் பட்டியின் உட்பக்கம் ரப்பர் மாதிரி ஒரு கோடு ஓடுகிறது, உள்ளே செருகிய சட்டை மேலே ஏறிவராமல் பிடித்துக்கொள்ள. உள் கால்சட்டையில் பந்து வைக்க ஒரு பை. தொடைக்கு நடுவில் கட்டமாக ஒரு துண்டு வைத்து, காலை எவ்வளவு அகட்டினாலும் தையல் விடாதபடி செய்திருக்கிறார்கள். நனைத்துக் கொடியில் போட்டால் சீக்கிரமே காய்ந்துவிடுகிறது. ஒரு பெண் குனிவாள், திரும்புவாள், வியர்ப்பாள், கையில் சாமான் வைத்திருப்பாள் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். அதன் பலன்தான் இந்த மடல்.

எங்கள் பக்கம் கோல்ஃப் மைதானம் ஏது. ஆனாலும் அந்த விளையாட்டு வளர்ந்த இடம் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் கடலை ஒட்டிய மணல் மேடு, அதில் புல்லும் புதரும், நாள் முழுக்கக் காற்று. தனுஷ்கோடி ரோட்டில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டாம், குளிர் ஒன்றுதான் வித்தியாசம். அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1867இல் பெண்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதில் ஆடியது குழிக்குப் பக்கத்தில் நின்று பந்தை மெல்ல உருட்டிவிடுகிற ஆட்டம் மட்டும்தான், ஓங்கி அடிப்பது கிடையாது. 1890இல் அந்த நாட்டுப் பிரபு ஒருவர் எழுதினார்: பெண்கள் எழுபது எண்பது கெஜ தூரத்துக்கு அடித்தால் போதும், அதற்கு மேல் அடிக்கப் பலம் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் மட்டையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டிவரும், பெண்ணுடையில் அப்படி வீசினால் பார்க்க அழகாக இருக்காது. படித்தபோது கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால் அந்த ஆள் ஒரு உண்மையை உளறிவிட்டிருக்கிறார்: கையைத் தடுத்தது உடம்பு இல்லை, துணி. ரவிக்கை தைக்கிற எவளுக்கும் இது தெரியும். கைக்குழியை ஆழமாக இறக்கி வெட்டினால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் கூடவே இழுபடும். கைக்குழியை உயர்த்தி வெட்டி, அக்குளில் ஒரு சின்னத் துண்டு கொடுத்தால் கை மட்டும் தனியாக ஏறும். அந்தப் பிரபு தையற்காரனைக் கேட்டிருக்கலாம், பெண்ணை அடக்கமாக அடிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் காலத்துப் பெண்கள் போட்டுக்கொண்டு ஆடியதைக் கேளுங்கள். இடுப்பை இறுக்குகிற உள்கவசம், தொண்டையைக் குத்துகிற கஞ்சி போட்ட காலர், நம்ம பஃப் கையை விட மூன்று மடங்கு ஊதிய கை, கொண்டை ஊசியில் நிற்கிற தொப்பி, தரையைத் தொடுகிற கனத்த பாவாடை. ஈரப் புல்லில் இழுபட்டுச் சேறு அப்பும் என்று பாவாடை ஓரத்தில் சுற்றிலும் தோல் பட்டி வைத்துத் தைத்தார்கள், ஏற்கெனவே கனம், அதில் தோல் வேறு. காற்றில் பாவாடை பறந்து பந்தை மறைக்கும். அதற்கு மிஸ் ஹிக்கின்ஸ் என்று ஒரு எலாஸ்டிக் வளையம் இருந்தது, ஒரு வீராங்கனையின் பெயர் அதற்கு. இடுப்பில் கிடக்கும், காற்று அடித்தால் முழங்கால் வரைக்கும் இறக்கிப் பாவாடையைக் கட்டிப்போட்டுக்கொண்டு பந்தை அடிப்பார்கள். கச்சான் காற்று (மேல்காற்று) வீசுகிற மாதத்தில் கரையில் நின்று புடவையோடு மல்லுக்கட்டுகிற எங்களுக்கு இது சிரிப்பாக வரவில்லை. கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனால் பாவாடையைக் குட்டையாக வெட்டலாம் என்று தோன்றாமல், அதைக் கட்டிப்போட ஒரு வளையம் கண்டுபிடித்தார்கள் பாருங்கள்.

1900இல் பாரிசில் ஒலிம்பிக் நடந்தபோது பெண்களுக்கு கோல்ஃப் போட்டி வைத்தார்கள். ஒன்பது குழிகளை 47 முறை அடித்து முடித்து ஜெயித்தவர் மார்கரெட் ஆபட், கல்கத்தாவில் பிறந்த அமெரிக்கப் பெண். எப்படி ஜெயித்தாய் என்றால், பிரெஞ்சுப் பெண்கள் ஆட்டம் என்னவென்று புரியாமல் குதிகால் உயர்ந்த செருப்பும் இறுக்கமான பாவாடையுமாக வந்துவிட்டார்கள் என்று சொன்னாராம். (தான் ஜெயித்தது ஒலிம்பிக் என்பதே தெரியாமல் 1955இல் இறந்துபோனார், அது தனிக் கதை.) பாதி விளையாட்டாகச் சொல்லியிருப்பார். ஆனால் எனக்கு அந்தத் தோற்றுப்போன பெண்கள் மேல்தான் கண். அவர்களில் யாருக்காவது சரியான செருப்பு இருந்திருந்தால்?

1933இல் இங்கிலாந்துக் கடற்கரை மைதானம் ஒன்றில் பெண்கள் போட்டிக்கு குளோரியா மினோப்ரியோ கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தார், கையில் ஒரே ஒரு மட்டை. முதல் சுற்றிலேயே தோற்றார். பெண்கள் கோல்ஃப் சங்கம் அவர் ஆடியதைப் பற்றிக் கவலைப்படவில்லை, உடையைத்தான் கண்டித்தது. கண்டித்தவர்களும் பெண்கள்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1950இல் பதின்மூன்று பெண்கள் சேர்ந்து அமெரிக்காவில் தொழில்முறைச் சங்கம் தொடங்கி, பெண்ணும் இதில் சம்பாதிக்கலாம் என்று ஆனது. அதே சங்கம் 2017இல் வீராங்கனைகளுக்கு ஒரு உத்தரவு போட்டது. கழுத்து இறங்கக் கூடாது, லெக்கின்ஸ் போட்டால் மேலே பாவாடையோ கால்சட்டையோ இருக்க வேண்டும், மீறினால் முதல் தடவை ஆயிரம் டாலர் அபராதம். அளவு நாடாவை அளக்கத்தான் எடுக்க வேண்டும், அடிக்க இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் சண்டையின் நடுவிலேயே அவர்களுக்கு வேண்டிய துணி வந்துவிட்டது, ஏனென்றால் வாங்கப் பணம் இருந்தது.

ஆம்பூர்க்காரர்களே, இனி உங்கள் பக்கம் வருகிறேன். ஆரம்பத்தில் பூட்ஸ் அடியில் ஆணி அடித்துக்கொண்டு ஆடினார்கள். அப்புறம் திருகி மாட்டுகிற இரும்பு முள். 1990களில் அமெரிக்காவில் இரும்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் முள் வைத்தார்கள், புல்லும் பிழைத்தது, காலும் பிழைத்தது. 2010இல் ஃப்ரெட் கப்புள்ஸ் என்கிற பெரிய ஆட்டக்காரர் முள்ளே இல்லாத ரப்பர் அடி வைத்த ஷூவை, அதுவும் சாக்ஸ் இல்லாமல், பெரிய போட்டியில் போட்டு ஆடினார். அதிலிருந்து அடியில் சின்னச் சின்ன ரப்பர்க் குமிழ் வைத்த ஷூ எங்கும் வந்துவிட்டது. ஈரத்தில் வழுக்காது, உடம்பைத் திருப்பும்போது பாதம் பக்கவாட்டில் சறுக்காது, பார்க்கச் சாதாரண ஷூ. பெண்ணுடைய பாதம் ஆணுடைய பாதத்தின் சின்ன அளவு இல்லை, விரல் பக்கத்தோடு பார்த்தால் குதிகால் ஒடுங்கி இருக்கும் என்பதால் அவர்களுக்குத் தனி அச்சு வைத்தும் செய்கிறார்கள். இதெல்லாம் எனக்கு நேற்றுத் தெரிந்தது, உங்களுக்கு எப்போதோ தெரியும்.

இப்போது எங்கள் கரைக்கு வாருங்கள். பாம்பன், சின்னப்பாலம், மண்டபம், ஏர்வாடி என்று மன்னார் வளைகுடா ஓரமாகப் பெண்கள் பாசி எடுக்கிறார்கள், மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை. வள்ளத்தில் போய், கடலுக்கடியில் பார் (பவளப்பாறை) இருக்கிற இடத்தில் இறங்கி, மூச்சைப் பிடித்து முங்கிப் பிடுங்கி, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போடுகிறார்கள். இவர்கள் தெரியாத ஆட்களும் இல்லை, சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி என்கிற வெளிநாட்டு அமைப்பின் விருது வாங்கினார், அவரும் பாசி எடுக்கிறவர்தான். இவர்கள் உடுப்பு என்ன தெரியுமா? வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டை, தூக்கிச் செருகிய புடவை, விரலைக் கல் அறுக்காமல் இருக்கக் கிழித்துச் சுற்றிய துணி, காலில் கயிறு போட்டு இறுக்கிய ரப்பர்ச் செருப்பு. சட்டையின் தோள் தொங்கும், கைக்குழி இடுப்புப் பக்கம் இறங்கிக் கிடக்கும், நீந்தக் கையை வீசினால் முழுச் சட்டையும் கழுத்துக்கு ஏறும். நனைந்த புடவை காலைச் சுற்றி இழுக்கும். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் எரிச்சல், திருக்கை முள் குத்தினால் அந்த வாரம் வேலை போச்சு. செருப்பு கழன்று மிதந்து போனால் பாசியை விட்டுவிட்டு அதைத் துரத்த வேண்டும். கரையேறி ஈரத்தோடேயே வீடு வரைக்கும். புல்தரையில் பந்து அடிக்க நீங்கள் தைத்த துணியும், கடலுக்குள் முங்க இவர்கள் கட்டுகிற துணியும் ஒரே மாநிலத்துத் துணிதான், சொல்லப்போனால் நடுவில் ஒரு ராத்திரி பஸ் தூரம்.

அவர்களுடைய சட்டைகளை என்னால் முடிந்த வரைக்கும் வெட்டித் திருத்தித் தருகிறேன், அக்குளில் துண்டு வைக்கிறேன், ஓரத்தில் நாடா போடுகிறேன். ஆனால் நான் கடையில் வாங்குகிற துணி இழுபடாது, சீக்கிரம் காயாது. என் மிஷினில் உங்கள் மாதிரித் தட்டைத் தையல் விழாது. உள்ளே தடித்த தையல் இருந்தால் உப்புத் தண்ணீரில் தோலை உரித்துவிடும், அதைச் சரிசெய்ய என் கைத்தொழில் போதாது.

நான் கேட்பது தானம் இல்லை. கோல்ஃபுக்குச் செய்த அதே வேலையை வேறு அளவில் செய்யுங்கள். முழுக்கை, உயர்ந்த கைக்குழி, கழுத்தை மூடுகிற காலர், உடம்பை ஒட்டாத ஆனால் தண்ணீரில் ஊதாத மேல்சட்டை. கீழே முழங்காலுக்குக் கீழே வரைக்கும் கால்சட்டை, அதன் மேல் மறைக்க ஒரு பாவாடை, இரண்டும் ஒரே பட்டியில், நாடா வெளியே முடிகிற மாதிரி. பை வேண்டும், ஜிப் வைத்த பை. எங்கள் பெண்கள் ஈரத் துணி உடம்போடு ஒட்டுவதைக் கூச்சத்தோடு மறைத்துக்கொண்டு கரையேறுகிறார்கள், அதனால் வெளிர் நிறம் வேண்டவே வேண்டாம், வெயிலில் வெளுக்காத அடர்நிறமாகப் பாருங்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூட விளையாட்டுக்கும் இதையே தலைத்துணியோடு போட்டுக்கொள்வார்கள். தலையை மூடி ஆடலாம் என்று உலகக் கால்பந்துச் சங்கம் 2014இலும் உலகக் கூடைப்பந்துச் சங்கம் 2017இலும் ஒத்துக்கொண்ட பிறகும், வியர்வையில் நனையாத தலைத்துணி எங்கள் கடைகளில் வந்தபாடில்லை.

செருப்பில் ஒரு விஷயம் கவனம். கோல்ஃப் ஷூ தண்ணீரை உள்ளே விடாது. எங்களுக்கு அது நேர்மாறாக வேண்டும்: உள்ளே வந்த தண்ணீர் உடனே வெளியே ஓட ஓட்டை, பாசி படிந்த கல்லில் பிடிக்கிற ரப்பர்க் குமிழ் அடி, கூரான கல் துளைக்காத அடித்தகடு, ஆனால் இரும்பு வேண்டாம், துருப்பிடிக்கும். குதிகாலைச் சுற்றிப் பட்டி. அளவுக்குச் சிரமமே இல்லை, சென்னை அடையாறில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021, 2022இல் நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் பாதம் அளந்து, நம் பாதம் வெள்ளைக்காரர் பாதத்தை விட அகலம் என்று சொல்லிவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு பாதம் பதினோரு வயதுக்குள் பெரும்பாலும் வளர்ந்துவிடுகிறது என்றும் அதிலேயே வந்தது. இங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளை அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு நூறு மீட்டர் ஓடுவது அதனால்தானோ என்னவோ.

ஆர்டர் எண்ணிக்கை பத்தாது, இவ்வளவு குறைவாகத் தைத்தால் கட்டுபடியாகாது என்பீர்கள். தெரியும். ராமநாதபுரத்தில் மட்டும் நினைத்தால் பத்தாதுதான், தூத்துக்குடிக் கரையிலும் பாசி எடுக்கிறார்கள், மட்டி பொறுக்குகிறார்கள், உப்பளத்திலும் நாற்று நடுகிற வயலிலும் பெண்களுக்கு இதே கால், இதே கை. மகளிர் குழுக்கள் சேர்ந்து மொத்தமாக எடுக்கும், தவணையில் கட்டும், குழுக் கடன் கட்டுவதில் எங்கள் பெண்களை யாரும் குறை சொன்னதில்லை. விலை மட்டும் ஒரு நாள் பாசிக் காசுக்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியில்தான் கிடக்கும், பழைய சட்டையே கடலுக்குப் போகும்.

மாதிரி தைத்துக்கொண்டு வருவதாக இருந்தால் காலையில் வராதீர்கள், எல்லோரும் கடலில் இருப்பார்கள். மூன்று மணிக்கு மேல் வந்தால் கரையில் பாசி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள், நேராகப் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள், முகத்துக்கு நேரே சொல்வார்கள், வருத்தப்படக் கூடாது. உடம்பு அளவை நான் எடுத்துத் தருகிறேன். கால் அளக்கிற பலகையை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
மண்டபம் பக்கத்துத் தையற்காரி