கடத்தின் வாயும் கூரையின் இடைவெளியும்

திருநகர், மதுரை.

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருநெல்வேலி வீட்டில் பூச்சு வேலை முடிந்ததையும், கூடத்து ஃபால்ஸ் சீலிங்கில் ஸ்பீக்கர் பதிக்க உன் மகன் விரும்புவதையும் படித்தேன். பலகை அடிப்பதற்கு முன் இக்கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் உடனே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் கூடத்தில் 6.5 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கை, ஜிப்சம் பலகையை வட்டமாக வெட்டி அப்படியே மாட்டினார்கள். பாடுபவரின் குரல் தெளிவாக இருந்தது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கட்டையாக ஒலிக்கும் இடப்பக்கம், மட்டும் கேட்கவே இல்லை. மாடியில் படுத்திருந்த அம்மாவோ அந்த அடிதான் தன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றார்கள்.

மானாமதுரையில் நாம் கடம் வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? வாசித்துக் காட்டியவர் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் தட்டியபோது, ஒரே மண்பானை கணத்துக்குக் கணம் வேறு குரலில் பேசியது. ஸ்பீக்கருக்கும் பின்னால் அடைபட்டிருக்கும் காற்றுதான் உயிர். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்னால் இழுக்கிறது. இந்த இரண்டு அலைகளும் ஓரிடத்தில் கலந்தால், குறிப்பாகக் கட்டைச் சுருதியில், ஒன்றையொன்று அழித்துவிடும். எங்கள் சீலிங்கில் மறைவிளக்குக்காகச் சுற்றிலும் விட்ட இடைவெளி வழியாக ஸ்பீக்கரின் பின்பக்க அலை கூடத்துக்கே இறங்கி வந்துகொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதங்கள் ஆயின.

பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில், உள்ளளவு 15 அங்குல நீள அகலமும் 7 அங்குல உயரமும் கொண்ட, ஏறக்குறைய 25 லிட்டர் காற்றுப் பிடிக்கும் பெட்டி ஒன்றைச் செய்யச் சொல்லி, மேல்தளக் கான்கிரீட்டிலிருந்து ரப்பர் வாஷர் வைத்துத் தொங்கவிட்டோம். பெட்டியின் விளிம்பும் பலகையும் சேரும் இடத்தில் ரப்பர் பட்டை ஒட்டி, வயர் நுழையும் துளையை சிலிக்கோன் பசையால் அடைத்தோம். பெட்டியை இதைவிட மிகவும் சிறிதாக்கினால் உள்ளிருக்கும் காற்று விறைத்து, கட்டைக்குரல் மெலிந்துவிடும். ஸ்பீக்கருடன் வரும் தாளில் எத்தனை லிட்டர் வேண்டும் என்று குறித்திருந்தால் அதையே பின்பற்று.

பெட்டியின் உட்சுவர்களில் 50 மில்லிமீட்டர் ராக் வூலை (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) மெல்லிய துணியில் சுற்றி ஒட்டினோம். அது கூம்பைத் தொடக்கூடாது. தச்சர் தெர்மாகோலே போதும் என்று வாதாடினார், நான் ஒப்பவில்லை. ஒலியை உறிஞ்ச வேண்டுமானால் காற்று இழைகளுக்குள் புகுந்து உராய வேண்டும். தெர்மாகோலின் மூடிய குமிழ்களுக்குள் அது புகாது. போதாக்குறைக்கு அது எளிதில் தீப்பற்றும். ஆனால் ராக் வூலே மாடிக்குப் போகும் சத்தத்தை நிறுத்திவிடும் என்றும் நினைத்துவிடாதே. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அதை 50 மில்லிமீட்டர் பஞ்சு தடுக்காது. தடுப்பது பெட்டியின் கனமும், ஓட்டையில்லாத மூடலுமே. எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் மீது பஞ்சு படாமலும் பார்த்துக்கொள், சூடு வெளியேற வழி வேண்டும்.

சுவரில் இரண்டு பதிக்கலாமா என்று கேட்டிருந்தாய். நாலரை அங்குலச் செங்கல் சுவரைக் குடைய வேண்டாம். சுவர் பலவீனப்படும், அடுத்த அறைக்கும் சத்தம் போகும். அங்கே தரையில் நிற்கும் சாதாரண ஸ்பீக்கரே நல்லது.

இப்போது தொப்பியின் கும்காரம் கூடத்தில் உருண்டு நிற்கிறது. அம்மா மாடியில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், உன்னை விசாரித்தார்கள். சட்டம் கட்டும் நாளை முன்கூட்டியே எழுது, பெட்டியின் அளவுத்தாளோடு நானே வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்