ஆலைக்குப் பல் கொடுத்தவருக்கு

எங்கள் ஊராருக்கும், தூரத்திலிருந்து விசாரித்துக்கொண்டே இருந்த நம் சொந்தங்களுக்கும்,

எங்கள் மாவரைக்கும் நீராலைக்குள் வெள்ளம் புகுந்த அந்த இரவைப் பற்றி எழுதப் போவதில்லை. எல்லோருக்கும் தெரியும். நேற்று மாலை மதகை நாலு விரல் உயரம் தூக்கினோம். சக்கரம் முனகியது, அசைந்தது, ஒரு முழுச் சுற்று வந்தது. மாமனார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

முதல் நன்றி, மேட்டுத் தோட்டத்துத் தாத்தாவுக்கு.

வெள்ளம் வடிந்தபின் கீழ்த்தளத்துப் பெரிய பல்சக்கரத்தைப் பார்த்தபோது 17 பற்கள் போயிருந்தன. அந்தப் பற்கள் மரத்தால் ஆனவை. இரும்போடு மரம் கடித்துச் சுற்றினால் சத்தம் குறையும். ஏதாவது சிக்கிக்கொண்டால் பல் முறியும், அச்சு உடையாமல் தப்பும். எங்கள் ஆலையையும் அப்படித்தான் அவை காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் புதுப் பல்லுக்குப் பச்சை மரம் ஆகாது. காயக் காயச் சுருங்கி, பொருத்திய இடத்திலேயே ஆட ஆரம்பித்துவிடும். பல வருடம் காய்ந்த கட்டை வேண்டும். அதற்கு எங்கே போவது?

நான் சேறு வழித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் தாத்தா தள்ளுவண்டியோடு வந்தார். வண்டி நிறைய ஆப்பிள் மரக்கட்டைகள். ஒவ்வொன்றின் முனையிலும் பென்சிலால் ‘87’. 1987 அக்டோபரில் பிரான்சின் மேற்குக் கோடியான இந்தப் பிரிட்டனியைப் புரட்டிப்போட்ட புயலில் அவர் தோப்பில் சாய்ந்த மரம். சைடர் என்னும் ஆப்பிள் மதுவுக்குப் பழம் கொடுத்த மரத்தை அடுப்பில் வைக்க மனம் வராமல், அறுத்துப் பரணில் அடுக்கிவிட்டாராம். “ஆலைக்கு ஒருநாள் வேண்டியிருக்கும் என்று தெரியும்” என்றார். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை வருடம் எங்களுக்காக அது காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

தீயணைப்பு வீரர்கள், டிராக்டரோடு வந்தவர்கள், வாய்க்காலில் அடைத்த மரங்களை இழுத்துப் போட்ட இளைஞர்கள், கூரையில் கற்பலகைகளைத் திரும்பப் பதித்தவர், நனையாத தானிய மூட்டைகளுக்குத் தன் கிடங்கில் இடம் கொடுத்த ரொட்டிக்கடைக்காரர், ரென் நகரத்திலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து இரண்டு நாள் சேறு அள்ளிய நம் நண்பர்கள், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

ஒரு காலத்தில் இந்த நாட்டுக் குடியானவர்களுக்கு ஆலை என்றாலே கட்டாயம். பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவர வேண்டும். 1793-ல் அந்த உரிமை அடியோடு ஒழிந்தது. பிறகு கல்லுக்குப் பதில் இரும்பு உருளைகளால் அரைக்கும் இயந்திரங்கள் வந்தன. ஓடைக்கு ஓடை இருந்த ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. ‘பதினாலு ஆலை, பதினைந்து வீடு’ என்று பேர் வாங்கிய போன்தாவன் ஊரிலேயே இன்று ஆலைகள் பெரும்பாலும் நினைவுதான். இன்று எங்கள் ஆலைக்கு வரவேண்டிய கட்டாயம் உங்களில் ஒருவருக்கும் இல்லை. அந்தக் குளிரில் வந்தீர்கள்.

கருங்கல் சுவர் அசையவில்லை. மாவரைக்கும் மேல்கல், ஒரு டன்னுக்கு மேல் எடை, புரட்டிப் போட்டு மாமனாரும் நானும் கொத்தி முடித்தோம். அம்மி கொத்துகிறவர் தெருவில் வரும்போது வேடிக்கை பார்த்து வளர்ந்தவள் நான். உளிச் சத்தம் எனக்குப் புதிதில்லை. ஓடையோரம் விழுந்த மரங்களில் நல்ல கட்டைகளை அறுத்து, முனையில் இந்த வருடத்தை எழுதி, எங்கள் பரணில் அடுக்கியிருக்கிறேன். நான் இருக்கும்வரை அந்தப் பரண் காலியாகாது.

சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கறுப்புக் கோதுமை (பக்வீட்) அரைக்கிறோம். எல்லோரும் வாருங்கள், அந்த மாவில் தோசைபோல வார்க்கும் கலெத் சுடச்சுடக் கிடைக்கும். தாத்தா கூட்டத்துக்கு வரமாட்டார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, கீழ்த்தளத்துக் கதவைத் திறந்து வைத்தால் போதும், சக்கரச் சத்தம் தன் சமையலறைவரை கேட்கும் என்றார். நேற்று சாத்தியிருந்தோம்.

த்ருகாரெஸ், தாத்தா. ‘நன்றி’ என்று சொல்ல, பிரிட்டனியின் சொந்த மொழியான உங்கள் பிரெத்தோனில் எனக்கு நன்றாக வரும் ஒரே சொல். சனிக்கிழமை கதவு திறந்திருக்கும்.