பழி மழையின் மேல் மட்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் இதழில் “ஒரே மழையில் பெயர்ந்த சாலை” என்று வந்த செய்தி, சாலை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னை மிகவும் வருத்தியது. பழி முழுவதையும் மழையின் மேல் போட்ட செய்தியாளர், அதற்கு முன் அந்தத் தார் தாங்கிய கோடைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

தார் வெயிலில் இளகுவது கண்ணுக்குத் தெரியும். புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து அதன் எண்ணெய்ப் பசையைக் குறைத்து, நாளடைவில் அதை இறுகி நொறுங்கும் பொருளாக மாற்றுவதும் தாங்கள் அறியாததல்ல. அந்தக் கதிர் மெல்லிய மேற்படலத்தைத் தாண்டி இறங்குவதில்லை என்பது உண்மையே; ஆனால் மேல் ஜல்லியைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் படலம்தான். சிதைந்த பொருளில் ஒரு பகுதி நீரில் கரைவதால், மழை அதைக் கழுவிச் செல்ல, அடியிலுள்ள தார் அடுத்த வெயிலுக்கு இரையாகிறது.

இராமநாதபுரம் பக்கம் ஒரே நாளில், ஒரே கலவையில் போட்ட சாலையில், புளியமர நிழலில் இருந்த பகுதி கருமை மாறாமல் இருக்க, திறந்தவெளிப் பகுதி வெளுத்து வெடித்ததை நானே பார்த்திருக்கிறேன். மழை மட்டுமே காரணமென்றால், ஈரம் நெடுநேரம் தங்கும் நிழற்பகுதியல்லவா முதலில் கெட்டிருக்க வேண்டும்? அந்த மரங்களையும் பிறகு சாலை அகலப்படுத்த வெட்டிவிட்டார்கள். அன்று நாங்கள் எழுதிய குறிப்பை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. டயரை வெயிலிலிருந்து காக்கும் கார்பன் கருந்தூள் தாரையும் காக்கும். பழைய டயர்த் தூளைக் கலந்தால் அதனுடன் இக்கருந்தூளும் சேர்ந்தே வருகிறது. நீற்றிய சுண்ணாம்பு தார் இறுகி முதுமையடைவதைத் தாமதப்படுத்துவதோடு, ஜல்லியுடன் தார் ஒட்டவும் உதவுகிறது. கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்களும் உண்டு. எதுவானாலும் கட்டி தட்டாமல் சீராகக் கலக்க வேண்டும்; அளவுக்கு மீறிக் காய்ச்சிய தாரை எந்தச் சேர்மானமும் மீட்காது. அப்படிக் காய்ச்சிய ஒப்பந்ததாரரைத் தடுத்ததற்காக நான் பட்ட பாடு தனிக் கதை.

சாலைத் தாருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 73-இன்படி, தாரை மெல்லிய படலமாக்கி 163 டிகிரி செல்சியசில் 85 நிமிடங்கள் அடுப்பில் சூடாக்கிச் சோதிக்கிறார்கள். அந்த அடுப்பில் வெப்பமும் காற்றும் உண்டு, வெளிச்சம் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் மாவட்டத்துச் சாலைக்கு இது போதுமா என்று எந்த இதழாவது கேட்டதுண்டா? பழைய பரப்பைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, வீட்டு வாசல்கள் பள்ளமாகிப் போனதை எத்தனை முறை எழுதி அனுப்பினேன்! ஒன்றுகூட அச்சேறவில்லை.

நான் வேண்டுவது அதிகமில்லை. சாலையோரப் பணிப் பலகையில் தாரின் தரம், சேர்மானம், போட்ட தேதி மூன்றையும் எழுதச் சொல்லித் தங்கள் செய்தியாளர், சாலைத் துறையிடம் ஒருமுறை கேட்க வேண்டும். கிடைக்கும் பதிலை அதே பக்கத்தில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர்,
இராமநாதபுரம் மாவட்டம்.